பொங்கலுக்குக் கொடுக்க இருந்த திறப்பு

அண்ணன் இறந்த செய்தி தொலைபேசியில்தான் வந்தது. நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பேசியவர் கிரானிலுள்ள தம்பிப்பிள்ளைப் போடியார். வயல் உழும்போது பழைய காசொன்று கிளம்பியிருக்கிறது என்று முந்தின நாள் அண்ணனை அழைத்தவரும் அவர்தான்.

"புள்ள, பதறாமக் கேளு. அண்ணன் காசக் கையில வச்சிப் பாத்துக்கொண்டு இருந்தாரு. தண்ணி கேட்டாரு. நான் செம்ப எடுத்துக்கொண்டு வாறதுக்குள்ள..."

நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

என் அண்ணன் பெயர் சாமித்தம்பி. ஊரில் 'காசுச் சாமித்தம்பி' என்றால்தான் தெரியும். பணக்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவரிடம் இருந்ததெல்லாம் கடையில் செல்லாத காசுகள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, கூடப் பிறந்தவள் நீயே எழுது என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

குளக்கட்டு, வாய்க்கால் வேலைகளுக்கு மேற்பார்வையாளராக அண்ணன் இருந்தார். மண் வெட்டும் இடங்களில் சில வேளை மண்ணோடு காசும் வரும். வெட்டியவர்கள் அதைத் தூக்கி எறியப் போனால் இவர் வாங்கி வேட்டியில் முடிந்துகொண்டு வருவார். ஒல்லாந்தர் காசும் இருந்தது. ஒரு பக்கம் நிற்கிற அரசனும் மறு பக்கம் உட்கார்ந்திருக்கிற அரசனுமாக உள்ள செப்புக் காசும் இருந்தது. எல்லாவற்றிலும் பழையது விரலளவு நீளமான ஒரு தகடு. அதில் இலட்சுமி நிற்பாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் வீடு எனக்கு வந்தது. அண்ணன் பூரணம் மச்சாளைக் கட்டி, வாவிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குருக்கள்மடத்தில் மச்சாளின் வீட்டுக்குப் போனார். நாங்கள் இந்தப் பக்கம், படுவான்கரையில். இடையில் தோணிதான். அண்ணன் துணிமணியோடு காசுத் தகரத்தையும் தூக்கிக்கொண்டு போனபோது மச்சாள் சிரித்தார்.

"எல்லா மாப்பிளையும் சீதனம் கேப்பாங்க. எனக்கு வாய்ச்சவரு செல்லாக்காசு கொண்டு வாறாரு!"

ஆனால் அந்தக் காசுகளுக்குப் பை தைத்தவர் மச்சாள்தான். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, ஒரு காசுக்கு ஒரு பை. நைலோன் துணியில் செம்பு பச்சை பிடிக்கும் என்று அண்ணன் சொல்வார். உப்புக்காற்றின் ஈரம் ஏறாமல் இருக்க, வறுத்த அரிசியைத் துணியில் கட்டித் தகரத்துக்குள் போட்டு வைப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை அரிசியை மாற்றுவதும் மச்சாளின் வேலை.

யுத்த காலத்தில் அந்தத் தகரம் நெற்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சுற்றிவளைப்பு என்றால் உலோகம் எதுவானாலும் கேள்விதான். ஒருமுறை எனக்குக் காட்டக் காசொன்றை மடியில் முடிந்து வந்தபோது, தோணித்துறையில் இவர் மடியைச் சோதித்த சிப்பாய் ஒருவர் அந்த அரசன் காசைக் கண்டுவிட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்து, தெரிந்த தமிழில் "இது எங்கட ராசா" என்றாராம். அண்ணன் சொன்னது இது:

"ஓம் சேர். இவ்வளவு காலமும் எங்கட வயல் வட்டைக்குள்ளதான் படுத்துக் கிடந்தாரு."

சிப்பாய் சிரித்துக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சமாதான ஒப்பந்தம் வந்த பிறகுதான் காசுகள் வெளிச்சம் கண்டன. முதிரைப் பலகையில் ஒவ்வொரு காசின் அளவுக்கும் குழி தோண்டி, பசை பூசாமல் பதித்து, மேலே கண்ணாடிக் கதவு போட்டு அண்ணன் அதை மச்சாள் வீட்டு மண்டபத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் கதவைத் திறந்து காசுகளை மறு பக்கம் திருப்பி வைப்பார். "ரெண்டு முகத்தையும் சனம் பாக்க வேணும்" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். மச்சாள் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். தகட்டு இலட்சுமிக்கு மட்டும் கண்ணாடிக்கு மேலே ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.

ஒரு வருஷம் கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்கு வீடு கழுவினார்கள். விளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது எங்கள் வழக்கம். மச்சாள் பலகையைப் பார்த்திருக்கிறார். வீட்டில் எல்லாம் பளபளக்க, இலட்சுமி மட்டும் கறுத்துப்போய் நிற்கிறாள். அண்ணன் வயலுக்குப் போன நேரம் காசுகளை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, பொன் மாதிரி ஆக்கி, ஒன்றும் மாறாமல் அதனதன் குழியில் வைத்துவிட்டார். அவர் வந்து பார்த்து மகிழ்வார் என்று நினைத்தார்.

அண்ணன் வந்து பார்த்தார். கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆயிரம் வருஷத்துக் கறுப்பு பூரணம். அதுதான் காசுக்குச் சட்டை. உரிஞ்சி போட்டியே."

"இலட்சுமி கறுத்துப்போய் இரிக்கிற வீட்டுல விளக்குக் கொளுத்தி என்ன பலன்? கழுவினது குத்தமா?"

அண்ணன் மறுநாள் காத்தான்குடிக்குப் போய், கண்ணாடி வெட்டித் தந்த முஸ்லிம் கடைக்காரக் காக்காவைக் கூட்டிவந்து கதவுக்குப் பூட்டுப் போட வைத்தார். காக்கா பகிடிக்காரர்.

"என்ன சாமித்தம்பி, செல்லாத காசுக்கு இம்புட்டுப் பெரிய பூட்டா? என்ட கடைக்கே இப்பிடி இல்லியே!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பூட்டின் திறப்பை அண்ணன் அரைநாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்கு வந்தபோது மச்சாள் சொல்லிச் சொல்லி அழுதார்.

"வீடு என்ட வீடு கா. எங்கட தாய் தந்த வீடு. அதுக்குள்ள எனக்கே பூட்டுப் போட்டுட்டாரு உங்கட அண்ணன்."

அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணி கொடுப்பார், சோறு போடுவார், அந்தப் பலகைப் பக்கம் போக மாட்டார். கண்ணாடியிலிருந்த குங்குமப் பொட்டும் காய்ந்து உதிர்ந்தது.

மார்கழி பிறந்த கையோடு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அவள்ட வீட்டுல நான் பூட்டுப் போட்டது பிழைதான் தங்கச்சி. பொங்கலுக்குத் திறப்ப அவள்ட கையில குடுத்திருவன்."

"இண்டைக்கே குடுங்களன் அண்ணா."

"சும்மா நீட்டினா வாங்க மாட்டாள். பொங்கலண்டு சனம் நிறைய வரும். எல்லாருக்கும் முன்னால அவளே திறக்கட்டும்."

பொங்கல் வரவில்லை. அதற்கு முன் கடல் வந்தது. பன்றிக் காவலுக்கு வந்த அண்ணன் அன்று காலை இந்தப் பக்கம் எங்கள் வயலில் நின்றார். மச்சாள் வீட்டில் தனியே இருந்தார்.

மச்சாளைக் கண்டெடுத்து அடக்கம் செய்தோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. பலகை வாவிக்கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் மாட்டியிருந்தது. மீன் பிடிக்கப் போனவர்கள் கொண்டுவந்து தந்தார்கள். கண்ணாடி நொறுங்கி, குழிகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

அண்ணன் ஒவ்வொரு நாளும் போய் அந்த அத்திவாரத்து மணலை அரிதட்டில் அரித்தார். "பொஞ்சாதி போன கவலையில்ல, காசு பொறுக்குறாரு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னார்: "அவள் தேய்ச்ச காசு ஒண்டு கிடைச்சாப் போதும்."

கிடைத்தது அந்த இலட்சுமித் தகடுதான். உப்பில் கிடந்து கறுத்துப்போயிருந்தது. அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொண்டே, "நான் கேட்ட கறுப்பக் கடல் தந்துட்டுது" என்றார். பிறகு எழும்பி என் அடுப்படிக்கு வந்து, புளிப் பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். கிணற்றடியில் குந்தியிருந்து தேய்த்தார். இலட்சுமியின் முகம் அழியும்வரை தேய்த்தார். நான் தடுக்கவில்லை. அந்தத் தகடு இன்றும் என் சாமியறையில் குங்குமப் பொட்டோடு பளபளக்கிறது.

மனைவியின் வீடு போனால் ஆணுக்கு வீடில்லை. கடைசிவரை அண்ணன் என்னோடுதான் இருந்தார். மறுபடி மூண்ட யுத்தமும் முடிந்து ஆட்கள் போய்வரத் தொடங்கியதும், அங்கே இங்கே கிளம்பிய காசுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பழைய பலகையின் குழிகளில் அவர் எதையும் வைக்கவில்லை. "அது அதுட இடம்" என்றார். புதுப் பலகை செய்தார். அதற்குக் கண்ணாடியும் இல்லை, பூட்டும் இல்லை. பிள்ளைகள் தயங்கினால், "தொட்டுப் பாருங்க மக்காள். தேய்க்கோணும் எண்டாலும் தேயுங்க" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கிரானிலிருந்து அண்ணனைக் கொண்டுவந்து குளிப்பாட்டும்போது, மறைப்புச் சேலைக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

"புள்ள, அரைநாண்ல துருப்பிடிச்ச திறப்பொண்டு கிடக்கு. அறுக்கட்டா?"

"வேணாம்" என்றேன். "கிடக்கட்டும்."

அண்ணா, இந்த முறை பொங்கல் வரட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். மச்சாளைக் கண்டதும் கொடுத்துவிடுங்கள்.