நின்றபடி ஒரு ஷாட்

காக்கிச் சட்டை மாட்டி, மூக்குக்குக் கீழே மீசை ஒட்டி, ஒரு மத்தியானம் நான் போலீஸ் அதிகாரியாக இருந்திருக்கிறேன்.

நான் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவே ஜீப் ஓட்டுவது பிழைப்பு. மேலிருந்து மரவள்ளிக் கிழங்கும் சாமை மூட்டையும் இறங்கும். கீழிருந்து உரமும் ஆட்களும் ஏறும்.

ஓய்வுபெற்ற ஒரு போலீஸ் அதிகாரியின் வாழ்க்கையைச் சண்டைப் படமாக எடுக்க ஒரு சினிமா கம்பெனி எங்கள் மலைக்கு வந்தது. அவர் வேலை பார்த்தது வேறு எங்கோ, தூரத்து மலையில். அங்கே இப்போது எல்லாம் கட்டடமாகிவிட்டதாம். அதனால் எங்கள் ஊரை அந்த ஊராக மாற்றிக்கொண்டார்கள்.

அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. என் கணவருக்கு அவர் தெய்வம். "கோர்ட்டு, கேசுன்னு இழுத்துக்கினு இருந்தா ரவுடிங்க அடங்குவானுங்களா?" என்பார். என் மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சுட்டவருக்கு மாலை போடுறீங்க. செத்தவன் இன்னா பண்ணான்னு எவனாச்சும் கேட்டீங்களா?" என்பார். நான் எந்தக் கட்சியிலும் சேராமல் சோற்றைத் தின்றுவிட்டு வண்டி எடுக்கப் போய்விடுவேன்.

படப்பிடிப்புக்குச் சாமான் ஏற்ற என் ஜீப்பைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு எடுக்க வேண்டியது, அதிகாரியின் ஜீப் கொண்டை ஊசி வளைவில் சீறித் திரும்பி, செம்மண் மேட்டில் ஏறி ஊருக்குள் பாயும் காட்சி. கதாநாயகனுக்கு டூப்பாகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். விடியற்காலை பெய்த மழையில் மண் வழவழவென்று கிடந்தது. அவர் வளைவில் பிரேக்கை மிதித்தார். வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. நல்லவேளை, மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று.

ஸ்டன்ட் மாஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய், "நான் ஓட்டவா சார்?" என்றேன்.

"இன்னாம்மா விளையாடுறியா?"

"டெய்லி இதுலதான் சார் போய்க்கினு வந்துக்கினு இருக்கேன்."

அவர், என்னோடு சாமான் ஏற்ற வந்திருந்த என் கணவரைப் பார்த்தார். என் கணவர், "நான் ஓட்டுனா வாந்தி எடுக்கிறவங்க கூட இவ வண்டியில தூங்கினு வருவாங்க சார்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பள்ளத்திலிருந்து வண்டியை இழுத்து ஏற்றினார்கள். என் கூந்தலைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்தார்கள். மீசைப் பசை உதட்டைக் கடித்தது. எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். இரண்டாவது கியரில் வளைவுக்குள் விட்டேன். பிரேக்கைத் தொடவில்லை. உள்பக்கச் சக்கரம் கல்விளிம்பைக் கவ்வியது. கீழே கோமுகி அணைத் தண்ணீர் ஒரு பளபளப்பாகச் சுழன்று மறைந்தது. அப்புறம் ஒரே அழுத்து. மேடேறி, கோழிகள் சிதற, ஊர் நடுவில் புழுதிக்குப் பதில் சேறு தெறிக்க நின்றேன்.

ஒரே டேக். மாஸ்டர் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் சனம் போட்ட விசில் மலையில் மோதித் திரும்பி வந்தது.

அடுத்த ஷாட்டுக்கு ஊராரை வரிசையாக நிறுத்தினார்கள். தான் தேடிவந்த இரண்டு பேரைப் பிடிக்க, அதிகாரி ஊரையே மண்டியிட வைக்கும் காட்சி. எல்லாரும் சிரித்துக்கொண்டே முட்டி போட்டார்கள். என் மாமியார் மட்டும் போடவில்லை.

"பாட்டிம்மா, சும்மா நடிப்புதான். ரெண்டு நிமிஷம்" என்று உதவி இயக்குநர் கெஞ்சினார்.

"நடிப்போ நெசமோ, முட்டி என்னுதுதானே? நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

இயக்குநருக்குக் கோபம் வந்துவிட்டது. "நடந்ததைத்தாம்மா எடுக்கிறோம்" என்றார். நான் மீசையோடே போய் மாமியார் பக்கத்தில் நின்றேன். "எங்க அத்த போட மாட்டாங்க சார்."

அப்போது குடைக்கு அடியில் நாற்காலியில் இருந்து ஒருவர் எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை. அந்த அதிகாரியேதான். தன் படம் எடுப்பதைப் பார்க்க அன்றைக்கு வந்திருந்தார். என் கணவர் சட்டென்று விறைத்து நின்றார்.

மாமியார் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "அந்த ஆபீசரு நீங்கதானாங்க?"

"நான்தாம்மா."

"அன்னிக்கு அந்த ஊரு சனம் மண்டி போட்டாங்களா?"

அவர் வரிசையில் முட்டி போட்டிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு, "போட வெச்சேன்" என்றார்.

"எல்லாரும் திருடங்களா?"

"இல்லம்மா. நான் தேடினது ரெண்டு பேரை."

மாமியார் முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். "அப்ப இந்தத் தபா நிக்கிறோம்."

முட்டி போட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் அதட்டவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அதிகாரி இயக்குநரைப் பார்த்து, "நிக்கட்டும். அப்படியே எடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்தது வெட்கமா, நிம்மதியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கதாநாயகன் லத்தியோடு வரிசை முன்னால் நடந்தார். ஒருவரும் தலை குனியவில்லை. என் மாமியாருக்கு எதிரே வந்ததும் கதாநாயகனுக்கு வசனம் மறந்துபோய் லத்தி தானாகத் தாழ்ந்தது. இயக்குநர் கட் சொல்லவில்லை.

அன்றைக்கே நான் மாமியாரிடம் கேட்டேன். "நெசத்துல அவங்க மண்டிதானே அத்த போட்டாங்க? நாம மாத்திட்டோமே?"

"போடுன்னா அவங்க இன்னா பண்ணுவாங்க, பாவம். அவங்களுக்கும் சேத்துதான் நின்னோம்" என்றார்.

படம் வந்தபோது இரண்டு ஜீப் நிறையக் கள்ளக்குறிச்சிக்கு மேட்னி ஷோவுக்கு இறங்கினோம். ஜீப் மேடேறியதும் தியேட்டர் கத்தியது. என் கணவர் சீட்டின் மேல் ஏறி, "என் பொண்டாட்டிடா!" என்றார். முன்வரிசைக்காரர்கள் மீசைக்காரரைத் திரையில் பார்த்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்த நிற்கும் காட்சி வந்தது. தியேட்டர் அடங்கியது. திரை முழுக்க என் மாமியாரின் முகம். பின்னாலிருந்து யாரோ கைதட்டத் தொடங்க, அது வரிசை வரிசையாக எங்களிடம் வந்து சேர்ந்தது.

"உன் மூஞ்சி எவ்ளோ பெருசு பாரு!" என்று ஒருத்தி கூவினாள்.

"சின்னதாவா இருக்கும்?" என்றார் மாமியார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.