ஜெயித்த நாளில் தெரிந்தது

என் கணவர் பாளையங்கோட்டையில் சிறிய ஜவுளிக்கடை வைத்திருந்தார். வீட்டில் குரல் உயர்த்தாத மனிதர். மத்தியானம் வெயிலுக்குக் கடையை அடைத்ததும் ஆற்றங்கரைத் தோப்புக்குச் சீட்டாடப் போவார். கல்யாணமான புதிதில் அது பொழுதுபோக்கு. பிறகு என் வளையல்கள் போயின. வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்வார். ஒரு வாரம் தாங்காது.

ஒரே ஒரு நாள், போனதையெல்லாம் ஜெயித்துவிட்டால் ஆசை அடங்கிவிடும் என்று நம்பினேன். அதற்காக ஜெபம்கூடப் பண்ணியிருக்கிறேன்.

எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு வருகிறேன் என்று விடியற்காலையில் ஆற்றுக்குப் போனவர் வரவில்லை. கோவிலில் ஆராதனை தொடங்குகிற மூன்றாம் மணியும் அடித்தார்கள். என் அண்ணன் அவர் இடத்தில் நின்றான். தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை அழுதாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாடு முடிந்த பிறகு வந்தார். கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம். தோப்பில் யாரோ பந்தயம் வைத்துத் தோற்றது.

"ஏட்டி, பிள்ளைக்கு. இன்னைக்கு எல்லாமே எம்பக்கம்தான் விழுந்துச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆராதனை முடிஞ்சுட்டா?" என்றார்.

"ஜெயிச்சிய, சரி. ஜெயிச்சதும் ஏன் எந்திரிச்சு வரல?"

கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "மணிச் சத்தம் கேட்டுச்சு. எந்திரிக்கணும்னுதான் நெனச்சேன். முடியல."

அதுவரை அவரைப் பொய்யர் என்றுதான் நினைத்திருந்தேன். தோற்றாலும் ஜெயித்தாலும் அவரால் எழ முடியவில்லை என்பது அன்றுதான் விளங்கியது. அவருக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பயந்துபோயிருந்தார்.

மறுநாள் இருவருமாக உபதேசியார் வீட்டுக்குப் போனோம். சுற்றுக் கிராமங்களுக்கு நடந்தே போய் ஜெபம் நடத்துகிறவர். வாலிபத்தில் சேவற்கட்டில் நிலத்தை இழந்தவர் என்று ஊருக்கே தெரியும். என் கணவர் மறுபடி சத்தியம் செய்ய வாயெடுத்தார்.

"சத்தியம்லாம் நானும் நெறைய பண்ணுனவன்தான்வே. அத விடும். எந்த நேரத்துல மனசு அங்கன இழுக்கு?"

"கடை அடைச்சதும்."

"அப்ப அடைச்சதும் நேரா இங்கன வாரும். ரெண்டு பேருமா நடப்போம்."

கடைச் சாவியையும் கல்லாவையும் என்னிடம் கொடுக்கும்படி உபதேசியார் சொல்லவில்லை. என் கணவரே கொடுத்தார். அது அவருக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள்.

அறுவடை முடிந்த சமயம் ஒருநாள் மறுபடியும் தோப்புக்குப் போய்விட்டார். ஆனால் அங்கிருந்து நேரே உபதேசியாரிடம் போய்ச் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் கேட்காமலே சொன்னார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இரண்டு நாள் பேசவில்லை. ஆனாலும் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.

அதன் பிறகு அவர் போனதாக நான் அறியேன். விட்டுவிட்டேன் என்று மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "இன்னைக்குப் போகல" என்பார். உபதேசியார் தளர்ந்து நடக்க முடியாமல் ஆனபோது, என் கணவர் கடையை அடைத்துவிட்டு அவர் வீட்டில் போய் உட்கார்ந்திருப்பார். பல நாள் இருவரும் ஒன்றும் பேசமாட்டார்களாம்.