பிழைத்துவிட்ட நண்பனுக்கு ஓர் இரங்கல் உரை

என் நண்பன் சாகவில்லை, பிழைத்துக்கொண்டான் என்று தெரிந்தபோது நான் ஏமாற்றமடைந்தேன்.

இதோ, சொல்லிவிட்டேன். நான்கு வருடங்களாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்த வாக்கியம். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை...

ஒரு கணம்தான் அந்த ஏமாற்றம். பஸ்ஸைத் தவறவிட்டவன் முகத்தில் வருமே, அந்த அளவு. ஒரு கணத்துக்கா இவ்வளவு பீடிகை என்று நீங்கள் கேட்கக்கூடும். நீங்கள் நல்லவர். இன்னும் முழுக்கதையும் கேட்கவில்லை.

முதலில் என்னைப் பற்றி. ஐம்பத்தாறு வயது. கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து இருபத்தெட்டு வருடங்கள். திரும்பிப் போகச் சொல்லி இரண்டு முறை உத்தரவு வந்தது. இரண்டு முறையும் முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்தேன். டாலிகஞ்சில் மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. மனைவி சுதா. வங்காளத்தில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானமாகும் ஒரு மகள். மாலையில் பால்கனி, தேநீர், ஒரு புத்தகம். சொல்லப்போனால் நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். உள்ளுக்குள் பேய் குடியிருப்பவன் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு அலைவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால், மன்னிக்கவும். எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. குறட்டை வேறு.

நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுவது என் உபதொழில். ஆகவே எங்கள் வட்டாரத் தமிழ் மன்றத்தில் யார் இறந்தாலும் இரங்கல் உரை என்னுடையது. இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மன்றத்தில் அறுபது பேர். இளையவர்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பெரியவர்களுக்கு எழுத வரும், நிறுத்த வராது. நடுவில் மிஞ்சியவன் நான்.

ஒருமுறை அரைமணி நேர அவகாசத்தில் பேசச் சொன்னார்கள். இறந்தவர், பாட்டுச் சத்தம் கேட்டாலே ஜன்னலை அடைப்பவர். பதற்றத்தில் நான் அவரைச் சங்கீதப் பித்தர் என்று சொல்லிவிட்டேன். அவருடைய மனைவி விசும்பலை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை... மறுநாளே நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். ஆளுக்கு ஒரு பக்கம். எழுபதைத் தாண்டியவர்களைப் பற்றி முன்கூட்டியே சில குறிப்புகள். வெறும் முன்னெச்சரிக்கை. அப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு அறுபதைத் தாண்டியவர்கள். பிறகு சர்க்கரை உள்ளவர்கள். பிறகு... பூஜை நாட்களில் மன்றத்தில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, எதிரே ஒருவர் அப்பளத்தை நொறுக்குகிற விதத்தைப் பார்ப்பேன். 'ஆஹா, இதை வைத்து ஆரம்பிக்கலாம்' என்று தோன்றும். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்கு அவர் ஏற்கெனவே மாலை போட்ட படம்.

அந்த நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு. நாலு தடவை முயன்றேன், விஷயம் போதவில்லை. சுதாவின் பக்கம் காலி. அன்பினால் என்று சொல்ல ஆசைதான். அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயமும் உண்டு. நோட்டை நான் ஒளித்து வைத்திருந்த இடம், அலமாரியில் நான் எழுதிய புத்தகங்களுக்குப் பின்னால். அங்கே இதுவரை யாரும் கை வைத்ததில்லை.

இனி சங்கரலிங்கம்.

திருநெல்வேலிக்காரன். கிடர்பூரில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்தில், முன்பின் தெரியாத எனக்கு வீடு பிடித்துக் கொடுத்தான். அவன் ஊர் வழக்கப்படி என்னை 'வே' என்பான். நான் எங்கள் ஊர் வழக்கப்படி அவனை 'டா' போடுவேன். இரண்டுமே மரியாதைதான் என்று இருவரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நெற்றி நிறைய விபூதி. பரம்பரைச் சைவம், முட்டை போட்ட கேக் இருக்கும் தட்டையே நகர்த்திவிடுவான். ஆனால் ஞாயிறு காலையில் மீன் சந்தையில் அவனைப் பார்க்க வேண்டும். அவன் வீட்டுக்குக் கீழே இருக்கும் பௌதி (பக்கத்து வீட்டு அண்ணியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) ஒருநாள் கால்வலியால் போக முடியாமல் அவனை அனுப்பினார். பேரம் பேசுவதில் சங்கரலிங்கத்துக்கு இருந்த தெய்வீக ஆற்றல் அன்று வெளிப்பட்டது. அதிலிருந்து நாலு வீட்டுக்கு அவன்தான் மீன் வாங்குகிறான். தொடமாட்டான். குடை நுனியால் செவுளைச் சுட்டிக்காட்டி, ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று சொல்லிவிடுவான். "ஷொங்கோர்தா (சங்கர் அண்ணன்) வந்துட்டாரு" என்று மீன்காரர்கள் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்வார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில், அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கல்கத்தாவில் நெஞ்சுவலிக்கு முதல் பெயர் 'கேஸ்', அதாவது வாயுத்தொல்லை. பௌதி சோடா கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் மாத்திரை கொடுத்தார். இடது கையைத் தூக்க முடியாமல் போனபிறகுதான் காரில் ஏற்றினோம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள். டாக்டர் எங்களிடம் பேசும்போது தரையைப் பார்த்தார்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், அவன் மனைவி கோமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்னுடையதும்தான். அவர் கடவுளிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் பகல் பதினோரு மணிக்கு அது வந்தது:

'தன் வாழ்நாளில் சங்கரலிங்கம் ஒரு மீனையும் தின்றதில்லை. டாலிகஞ்ச் சந்தையில் ஒரு மீனும் அவனிடமிருந்து தப்பியதில்லை.'

நீங்களே சொல்லுங்கள், நன்றாக இல்லை? சபை முதலில் சிரிக்கும். பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்றுகூட யோசித்தேன். எந்தச் சட்டை போடுவது என்றும்... கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் குழாய்களோடு கிடந்தான். இந்தப் பக்கம் என் நெஞ்சில் பரவியது என்ன தெரியுமா? திருப்தி!

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து முழுவதையும் எழுதினேன். இரண்டு பக்கம். முப்பது வருடமாக எழுதுகிறேன். அதுபோல் ஒன்று வாய்த்ததில்லை. எழுதும்போது அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையான கண்ணீர். துக்கம் பொய்யில்லை... ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு காற்புள்ளியை நகர்த்தி வைத்தேன். அதுவும் பொய்யில்லை.

அதற்கு மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோமதி.

"அண்ணாச்சி, அவ்வோ கண்ணு முழிச்சுட்டாவ. காப்பி கேக்காவ. இனி பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு... அண்ணாச்சி? கேக்குதா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. முதலில் தோன்றியது: 'அப்படியானால் அதை எங்கே வாசிப்பது?'

சந்தோஷமும் வந்தது. வராமல் என்ன? ஆனால் அது இரண்டாவதாக வந்தது. வரிசையில் நின்று, முன்னால் நின்றவன் நகர்ந்தபிறகு வந்தது.

"அழாதீய அண்ணாச்சி," என்றார் கோமதி, தானும் அழுதுகொண்டே. "நல்லாயிட்டாவ. நீங்க அழாதீய."

போனை வைத்தேன். சுதா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"நல்ல செய்திதானே?"

"ஆமாம். முழிச்சுட்டான்."

"பின்னே ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"வயிறு சரியில்லை."

ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன். அந்த மாதிரிக் காரியத்துக்கு ஓமம் கேட்குமா என்ன?

தண்டனை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கோமதி அந்த டெலிபோன் மௌனத்தை ஊர் முழுக்கச் சொன்னார். பூஜைப் பந்தலில் சொன்னார். கல்யாண வீட்டில் சொன்னார். ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்ப சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்குப் போயிருந்தபோது, ரயில் நகரும் வரை ஜன்னல் வழியாகச் சொன்னார். "கூடப்பொறந்தவன் அழுவானா அப்பிடி? அண்ணாச்சிக்குத் தொண்டையே அடைச்சுப் போச்சு!" நான் தலை குனிந்துகொள்வேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வாழ்நாளில் நான் செய்த நல்ல காரியங்கள் எதற்கும் இவ்வளவு பெயர் கிடைத்ததில்லை.

துர்க்கையை ஆற்றில் கரைத்தபின் வீட்டுக்கு வீடு போய், தோளோடு தோள் மூன்று முறை தழுவிக்கொள்வது இங்கே வழக்கம். அந்த வருடம் சங்கரலிங்கம் மூன்று மாடி ஏறி என் வீட்டுக்கு வந்தான். பத்துக் கிலோ இளைத்திருந்தான். தழுவினான். அவன் இதயம் என் சட்டைப்பைக்கு மேலே அடித்தது. பால்கனியில் உட்கார்ந்து சந்தேஷ் இனிப்பைக் கையில் எடுத்தான்.

"கோமதி சொன்னா. போன்ல உமக்குப் பேச்சே வரலியாமே?"

என்னால் அதற்குமேல் முடியவில்லை. எழுந்து போய், என் புத்தகங்களைத் தள்ளிவிட்டு, நீல நோட்டை எடுத்து வந்து அவன் மடியில் போட்டேன். "படி. நீ உள்ளே கிடந்தப்போ எழுதினது. நான் எப்பேர்ப்பட்டவன்னு தெரிஞ்சுக்கோ."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். முதல் வரியிலேயே குலுங்கினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான், நான் பதறினேன். சிரிப்பு.

"அருமையா இருக்குவே! உசுரோட இருக்கும்போதே படிக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வெச்சிருக்கு?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா மொத வரி தப்பு."

"எது?"

"ஒரு தடவ தின்னுருக்கேன். ஆபீஸ்ல சிங்காரா கொடுத்தானுவ." சிங்காரா, இங்கத்துச் சமோசா. " உருளைக்கெழங்குன்னு நெனச்சுக் கடிச்சேன். உள்ள மீனு."

"துப்பிட்டியா?"

"முழுசாத் தின்னுட்டேன். நல்லாருந்துச்சுவே." சுற்றுமுற்றும் பார்த்தான். "இருவது வருசமாச்சு. கோமதிக்குத் தெரியாது. உம்மகிட்டதான் சொல்லுதேன்."

என் ஆயுளின் மிகச் சிறந்த வாக்கியம் ஒரு மீன் சிங்காராவில் செத்துப்போனது. இரங்கல் சொல்ல ஆளில்லை.

"மாத்தாதீரும்," என்றான். "அப்படியே வாசியும். கோமதி கேட்டுக்கிட்டிருப்பால்லா." நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"நான் முழிச்சுட்டேன்னு கேட்டப்போ உமக்கு என்னவே தோணிச்சு?"

பாருங்கள், இதுதான் இடம். என் முன்னால் கதவு முழுதாகத் திறந்திருந்தது. அவன் தன் மீனைக் கொடுத்துவிட்டான். நான் என்னுடையதைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. சொல்லியிருந்தால் சிரித்திருப்பான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. சந்தேஷைத் தட்டில் வைத்துவிட்டு மூன்று மாடியும் இறங்கியிருப்பான் என்று மறுநாள் தோன்றுகிறது. இரண்டில் எதற்கு நான் அதிகம் பயந்தேன்?

"சந்தோஷம்தான்டா," என்றேன்.

என் முகத்தையே பார்த்தான். "சரி," என்றான். சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டான்.

சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பெரிய குற்றத்தை மறைத்தேன். நோட்டுக்கு மன்னிப்புக் கிடைத்தது. அந்தக் கணத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அந்த 'சரி'க்கு என்ன பொருள் என்று நான்கு வருடங்களாக யோசிக்கிறேன்...

இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறான். சந்தையிலிருந்து நேராக, பையில் அடுத்தவர் மீனோடு. பையை வாசலிலேயே வைக்கச் சொல்லிச் சுதா திட்டுவாள். இரங்கல் உரைக்குத் திருத்தம் சொல்வான்: "அந்தக் குடையச் சேர்த்துக்கிடும்", "எனக்குக் கோவம் வராதுன்னு எழுதியிருக்கீரு, கோமதி எந்திரிச்சுப் போயிருவா". இரண்டு பக்கம் ஏழாகிவிட்டது. நாங்கள் சிரிக்கிற சத்தத்தில் மகள் வந்து எட்டிப் பார்க்கிறாள். ஒரு மனிதனுக்கு இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை கிடையாது. உண்மையாகவே சொல்கிறேன்.

போன ஞாயிறும் வந்தான். மூன்றாவது மாடி ஏறியதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டான். மூச்சு வாங்கியது. முகம் வெளிறியிருந்தது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். மின்விசிறியைச் சுழலவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன். அந்தப் பதற்றம் நிஜம்.

"ஒண்ணுமில்லவே," என்றான். "கேஸு."

எனக்குள்ளே ஒருவன், சத்தமில்லாமல், பேனா மூடியைத் திறந்தான்.