நீல வயிற்றுக் கொக்கு

ஆம்பூர் பக்கம் தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் லேப் கெமிஸ்டாக இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒருநாள், பம்ப் ஆபரேட்டர் ஜபார் பாய் லேப் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், பின்னாடி குட்டையில நாலு கொக்கு. வயிறு நீலமா கீது. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். கழுத்தும் முதுகும் வெள்ளை, வயிறு மட்டும் நல்ல நீலம். படம் எடுத்து, எனக்குத் தெரிந்த வேலூர் விலங்கியல் பேராசிரியருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, எந்த புக்லயும் இது இல்ல. புது இனமாக்கூட இருக்கலாம். நாளன்னிக்கு வர்றேன். ஜர்னலுக்குக் குறிப்பு எழுதி அனுப்பலாம், உங்க பேரும் வரும்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மேனேஜர் பிளான்ட் கேட்டில் வைக்க, கொக்குப் படம் போட்ட போர்டுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை மீண்டும் குட்டைக்குப் போனேன். கொக்குகள் வயிறு நனைய, மழையில் கலங்கிய சேற்றுத் தண்ணீரில் நின்றிருந்தன. நான்குக்கும் நீலம் ஒரே மட்டத்தில், தண்ணீர் தொடும் இடத்தோடு முடிந்திருந்தது. மனசு உறுத்தியது. கரையில் கிடந்த இறகை எடுத்துவந்து பீக்கர் தண்ணீரில் போட்டு, அமோனியா சில சொட்டு விட்டேன். தோல் சாயம் அதில் கழன்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நீலமானது, இறகு வெளுத்தது.

யாரிடமும் சொல்லாமல் பீக்கரைக் கழுவி வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"போர்டு வேற சொல்லியாச்சு. இப்பப் போய் இன்னா மேடம் இது?"

"சாயம் சார். நம்ம லைன்தான் எங்கியோ லீக் ஆவுது."

பீக்கரை வாங்கிப் பார்த்தார். "அப்ப முதல்ல அதப் பாருங்க. போர்டை நான் நிறுத்திக்கிறேன்."

சாயப் பட்டறையிலிருந்து வரும் பைப்பில் ஒரு ஜாயின்ட் விரிசல் விட்டிருந்தது. ஜபார் பாய் மண்ணைத் தோண்டி, சாயங்காலத்துக்குள் அடைத்துவிட்டார். குட்டைத் தண்ணீரையும் பிளான்டுக்கே பம்ப் செய்தோம்.

பேராசிரியருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"சாதாரணக் கொக்கா? அச்சுல வந்திருந்தா நாம ரெண்டு பேரும் வெளிய தலைகாட்ட முடியாது. இருந்தாலும் நாளைக்கு வர்றேன். அந்த டெஸ்டை என் கண்ணு முன்னாடி போட்டுக் காட்டுங்க."

வந்தார், இன்னொரு இறகில் டெஸ்ட் போட்டதைப் பார்த்தார். டீ குடித்துவிட்டு, அந்த இறகைக் கேட்டு வாங்கிப்போனார்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மோசமான ரிசல்ட் வந்தால் எல்லோருமே மறுபடி டெஸ்ட் போடுவார்கள். மனசுக்குப் பிடித்த ரிசல்ட் வந்தாலும் மறுபடி போடுங்கள்.