செங்கோட்டையனின் கண்ணாடிப் பெட்டி

செங்கோட்டையன் அண்ணனின் வீட்டை முன்பக்கம் மட்டும் பார்த்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தெருவைப் பார்த்த சுவர் முழுக்க கிரானைட் பளபளக்கும். பின்னால் போனால் பூசாத செங்கல். கேட்டால், "வாரவங்க பொறவாசல்லயா அம்மணி வாராங்க?" என்பார். சோமனூரில் அவர் நடத்தும் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்கிறவள் நான், ரூபினா. சம்பளம் ஒழுங்காகத் தருவார், அதை மறைக்க மாட்டேன். மற்றதையும் மறைக்க மாட்டேன்.

தறிக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் "ஃபோர் கே தானுங்களே?" என்று கேட்க ஆரம்பித்ததும் அண்ணன் புதுக் கேமரா வாங்கினார். ஃபோர் கே என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கும் தெரியாது, "ஆமாமுங்க" என்ற இவருக்கும் தெரியாது. படம் நான்கு மடங்கு கனத்துப் போனதில் எங்கள் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டியது. ஒரு காட்சியை வெட்டிவிட்டு நான் டீ குடிக்கப் போய் வந்தால், அப்போதுதான் அடுத்த காட்சி அசையும்.

"ரேமைக் கூட்டுங்ணா. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழட்டிப்போட்டு எஸ்எஸ்டி மாட்டுங்ணா, வேகம் தானா வந்துரும். வேற ஒண்ணுமே வேண்டாம்" என்றேன்.

கோவையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அர்ஷத்திடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவரும் அதையேதான் சொன்னார். அண்ணன் அந்த ரேம் அட்டையை இரண்டு விரலில் பிடித்து, புளிப்பு மாங்காய் வாங்க வந்தவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் போட்டா எங்கீங்க தெரியும்?"

"உள்ள இருக்குமுங்ணா."

"பெட்டிய மூடிப்போட்டா?"

"மூடிப்போட்டா தெரியாதுங்ணா."

"அப்பறம் அது யாருக்குங்க தெரியும்?" என்று அட்டையைக் கீழே வைத்தார். அதோடு ரேமின் கதை முடிந்தது.

அடுத்து அவர் கண் போனது, கம்ப்யூட்டரை உள்ளே வைக்கிற ஒரு கண்ணாடிப் பெட்டி மேல். உள்ளே ஆறு விசிறிகள், ஒவ்வொன்றிலும் நிறம் மாறும் விளக்கு, நடுவில் படம் காட்டும் ஒரு வட்டத் திரை. "இதப் போட்டா ஃபோர் கே ஓடுமுங்களா?" என்று கேட்டார். ஓடாது என்று அர்ஷத்துக்கு நன்றாகத் தெரியும். "உங்க இஷ்டமுங்ணா, பாக்க நல்லா இருக்குமுங்ணா" என்றார். எங்கள் ஊர் மரியாதையைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். முட்டாள்தனத்தின் வாலிலும் ஒரு 'ங்க' சேர்த்து வழியனுப்பி வைப்பார்கள். நான் மட்டும், "தண்டச் செலவுங்ணா" என்றேன். அண்ணன் காதில் வாங்கவில்லை.

பெட்டி வந்தது. பழைய ரேமும் பழைய டிஸ்க்கும் அதற்குள் குடியேறின. அண்ணன் சந்தனம் குங்குமம் வைத்து, வட்டத் திரையில் குலதெய்வத்தின் படத்தை ஓடவிட்டு, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி மேஜையைத் திருப்பிப் போட்டார். எதிர்ச்சாரியில் அவருடைய பங்காளி பொங்கியண்ணனும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். மேஜையின் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது. எனக்கோ டீக்கடைக்காரரோடு சிநேகம் இன்னும் நெருக்கமானது.

அந்த நேரத்தில்தான் சுப்பண்ணன் வீட்டுக் கல்யாணம் கிடைத்தது. பெரிய தறிக்காரர். மூத்த மகன் சபரீஷின் கல்யாண வீடியோ பிடித்துவிட்டால் தை மாதம் இளைய மகன் கல்யாணமும் நமக்கே என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் அவருடைய குலக் கூட்டத்துக் கல்யாணம் எல்லாமே வரும். போனால் பங்காளியிடம்தான் போகும். அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது.

அவர்கள் பார்க்க வருவதற்கு முன்பே முழுப் படத்தையும் சின்ன அளவில் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தேன். "டிவில சொருகிக் காட்டுங்ணா, தண்ணி மாதிரி ஓடும்" என்றேன்.

"டிவி எல்லாரு ஊட்லயும்தான் இருக்குது அம்மணி. அவங்க நம்ம பெட்டியப் பாக்கோணும்."

படம் பார்க்க வந்தவர்களுக்குப் பெட்டியைக் காட்டினார். சுப்பண்ணனும் அவர் மனைவியும் மகள் நந்திதாவும் வரிசையாக உட்கார்ந்தார்கள். முகூர்த்தக்கால் நடும் காட்சி தட்டுத்தடுமாறி ஓடியது. இணைச்சீர் வந்தது. மாப்பிள்ளைக்குச் சமமாக அவன் கூடப்பிறந்தவளை நிறுத்தி மரியாதை செய்கிற சீர் அது. அந்தக் குடும்பத்தில் நந்திதாவுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. சேலையின் ஒரு முனை தம்பி கையில், மறு முனை அக்காவிடம். அவள் நிமிர்ந்து சிரிக்கப் போகும் இடத்தில் படம் நின்றது. பாதி மூடிய கண்ணும் கோணிய வாயுமாக நந்திதா அப்படியே நின்றாள். பெட்டியில் விளக்குகள் மட்டும் பச்சைக்கும் ஊதாவுக்கும் ஜோராக மாறிக்கொண்டிருந்தன. நேரில் உட்கார்ந்திருந்த நந்திதா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

சுப்பண்ணன் எழுந்தார். "பெட்டி ரொம்ப அழகா இருக்குதுங்க. பொறுமையா முடிச்சுக் குடுங்க. அப்ப வாரேனுங்க" என்றார்.

"என்ன தன்மையான மனுசன் பாத்தியா அம்மணி! தைக் கல்யாணமும் நமக்குத்தான்" என்று அண்ணன் பூரித்துப் போனார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பொங்கியண்ணன்தான் எடுத்தார்.

நான்கு நாள் அண்ணன் எதிர்ச்சாரியையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பங்காளி எத்தன வெசிறி போட்டிருக்கான்னு பாத்துட்டு வா அம்மணி" என்றார். போனேன். மூடி கழற்றிய ஒரு கறுப்புத் தகரப் பெட்டி தூசி படிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு பழைய மேஜை விசிறி காற்று விட்டுக்கொண்டிருந்தது. திரையில் தைக் கல்யாணத்து இணைச்சீர். நந்திதா நிமிர்ந்து வாய் நிறையச் சிரித்தாள். எங்கேயும் நிற்கவில்லை.

திரும்பி வந்து பார்த்ததைச் சொன்னேன். அண்ணன் நம்பவில்லை.

"உள்ளுக்குள்ள ஏதாச்சும் மறைச்சு வெச்சிருப்பான். நல்லாப் பாத்தியா?"

"வெச்சிருக்காருங்ணா. ரேமும் எஸ்எஸ்டியும்."

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது யாருக்கு அம்மணி தெரியும்?" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த விரல் ரேகையைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.