நான் மாற்றிக் கேட்ட கேள்வி

கேரள எல்லையில், வேலந்தாவளம் ஸ்டாண்டில் ஆட்டோவை நிறுத்தியிருந்தபோது அந்த மேடம் வந்தார். மலையாளத்துக்காரர், மரபணு ஆராய்ச்சி செய்பவர். எல்லையோரத் தமிழ் ஊர்களில் வீடு வீடாகப் போக வேண்டும், தமிழில் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். அன்று ஸ்டாண்டில் வேறு வண்டி இல்லை.

போகிற வழியில் அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மரபணு தாய் தகப்பனிடமிருந்து வருவது. ஆனால் வீட்டில் எல்லா விளக்கும் எப்போதும் எரிவதில்லை அல்லவா? அதுபோல எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதை உடம்பு போட்டும் அணைத்தும் வைக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் பட்டினி கிடந்தால் சில சுவிட்சுகள் மாறிப்போகலாம். நடுவயதில் சர்க்கரை வருவதற்கு அதுவும் காரணமா என்று அவர் பார்க்கிறார். அதற்குப் பிள்ளையின் ரத்தமும் வேண்டும், தாயின் வாய்ச்சொல்லும் வேண்டும்.

"பட்டினி கிடந்தாங்களான்னு மட்டும் சரியா கேக்கணும், சேட்டா," என்றார் மலையாளத்தில்.

முதல் வீட்டில் ஒரு வயதான அம்மா. பக்கத்தில் என் வயது மகன், கதவோரம் மருமகள், சுவரில் மாலை போட்ட கணவரின் படம். இத்தனை பேர் முன்னால் எப்படிக் கேட்பது? எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு, உங்கள் வீட்டுக்காரர் உங்களுக்குச் சோறு போடவில்லையா என்று அர்த்தம். அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"ஏனுங் ஆத்தா, இந்த அண்ணன் வயித்துல இருக்கறப்ப நல்லாச் சாப்டீங்ளா?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "சாப்புடாமயா இந்தத் தடியன் பொறந்தான்? நல்லாச் சாப்டஞ் சாமி. நீ சாப்டியா? ரெண்டு இட்லி வெக்கட்டுமா?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் வேறு பதில் கிடையாது. வயிறு காய்ந்து கிடந்தாலும் "ஆச்சுங்க" என்றுதான் வரும். அது தெரிந்தும், "சாப்பிட்டாங்களாம் மேடம்," என்றேன். அவர் டேப்லெட்டில் பதிந்துகொண்டு, மகனின் ரத்தத்தை எடுத்தார். எல்லா வீட்டிலும் அப்படியே கேட்டேன். எல்லாரும் சாப்பிட்டிருந்தார்கள்.

கடைசி நாள், கொல்லங்கோடு பாதையில் திரும்பும்போது மேடம் சொன்னார்: "அதிசயம்தான் சேட்டா. மழை இல்லாத வருஷத்துலகூட இங்க யாரும் பட்டினி கிடக்கலை. இந்த ரத்தத்தை எல்லாம் பட்டினி இல்லாதவங்க பக்கம் வச்சுத்தான் மத்த ஊரை ஒப்பிடணும்."

என்னைச் சுமந்த மாசங்களில் சோறில்லாமல் புளியங்கொட்டையை வறுத்து, ஊறவைத்து, அவித்துத் தின்றதை என் அம்மாவே சொல்லியிருக்கிறார். வண்டியை ஓரம் கட்டினேன். திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே, கேள்வியை மாற்றிவிட்டதைச் சொன்னேன்.

பின்னால் அவர் டேப்லெட்டை எடுக்கிற சத்தம் கேட்டது.

"எந்தெந்த வீட்ல?"

"எல்லா வீட்லயுமுங்க. திரும்பப் போயி நேராக் கேக்கட்டுங்ளா?"

"இனிமே கேட்டா, நமக்கு என்ன பதில் வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும். அதைக் கணக்குல எடுக்க முடியாது. இந்த வீடுகளை விட்டுடணும், சேட்டா."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு, "போகலாம்," என்றார்.

சில வாரம் கழித்து, மகனின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் என்ன ஆனது என்று முதல் வீட்டு அம்மா ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்டார். போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார், தனியாக.

"உங்க ஊட்டக் கணக்குல எடுத்துக்கலீங் ஆத்தா."

"ஏனாம்? என்ர பையன் ரத்தத்துல என்ன கொறை?"

"கொறை ஒண்ணுமில்லீங். நாந்தான் தப்பாக் கேட்டுப்போட்டனுங்."

"என்னன்னு கேக்கோணுமாம்?"

தலையைக் குனிந்துகொண்டு, கேட்க வேண்டியபடி கேட்டேன். அரிவாள் நின்றுவிட்டது.

"அதையா கேட்டாங்க? நேராக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே சாமி. இத்தன வருசத்துல ஒருத்தருங் கேட்டதில்ல."

பிறகு அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் நின்றபடியே கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டியவர் ஊருக்குத் திரும்பிப் போயிருந்தார்.