கதவைத் திறக்க எத்தனை பேர்?

அக்டோபர் 17, வியாழக்கிழமை. பிற்பகல் மணி நான்கு இருபது. காலையிலிருந்து விடாத மழை.

இது நடந்தது. கட்டுக்கதை என்று தள்ளுபவர்கள் தள்ளட்டும். இதைக் கண்ணால் கண்ட பேராசிரியர்கள் மூவர் இன்றும் அதே துறையில் பாடம் நடத்துகிறார்கள். பேச்செடுத்தால் மூவருமே மழுப்புகிறார்கள்.

பல்கலைக்கழக நூலகத்தின் ஜன்னலோர மேசையில் அந்த மாணவி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். யாரைப் பார்த்தாலும் திருத்துவதால் அவளுக்கு ‘வாத்தி’ என்று பெயர். ஊரைத் திருத்துகிறவள் இந்த ஒரு பாடத்தில் மட்டும் இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவது முறையும் தோற்றால் படிப்பே முடிந்தது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

துறையின் இணையக் குழுமம் மாணவர்களை நால்வர் நால்வராகப் பிரித்திருந்தது. ஒருவர் போட்ட கணக்கின் மீது இன்னொருவர் கேள்வி கேட்க வேண்டும். போட்டவர் பதில் எழுத வேண்டும். கேள்வி விழாத கணக்குக்கு மதிப்பெண் இல்லை. வெள்ளம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தை நிரப்பும் வேகம்தான் அவளுடைய கணக்கு. அது தயார். கேட்கத்தான் ஆளில்லை. கெடு, அன்று மாலை ஆறு மணி.

குழுத் தோழன் நெட்டையைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“மன்னிச்சுக்கோ வாத்தி. நானும் வாயாடியும் இந்தப் பாடத்தை விட்டுட்டோம். அடுத்த பருவத்துல பாத்துக்கறோம்.”

“எனக்கு அடுத்த பருவமே கிடையாதுடா!”

“நாலாவது ஆள் இருக்கானே, அவனைக் கேளு.”

“அவன் வாயைத் திறந்ததே இல்லையே.”

“நாங்க திறந்து என்னத்தக் கிழிச்சோம்?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

நான்காமவனுக்குக் குழுமத்தில் படம் இல்லை. ஒரு சாம்பல் வட்டம் மட்டுமே. பருவம் முழுவதும் ஒரு சொல் எழுதியதில்லை. வேறு வழியின்றி அவள் தட்டினாள்: “ஒரே ஒரு கேள்வியாவது கேளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.”

சாம்பல் வட்டத்தின் அருகே பச்சைப் புள்ளி எரிந்தது.

“தண்ணீர் முழங்காலுக்கு வர எவ்வளவு நேரம்?”

அவளுக்கு உயிர் வந்தது. எழுதினாள்: இருபத்திரண்டு நிமிடம்.

“இடுப்புக்கு?”

நாற்பது.

“விளக்கு அணைவதற்கு முன்பா, பின்பா?”

அவள் கை நின்றது. அவளுடைய கணக்கில் விளக்கே இல்லை.

“கதவு வெளிப்பக்கம் திறப்பது. வெளியேதான் தண்ணீர்.”

அவள் கதவும் வரையவில்லை...

“கதவைத் திறக்க எத்தனை பேர் வேண்டும்?”

நீரின் அழுத்தத்தைக் கணக்கிட்டாள். இருமுறை சரிபார்த்தாள். எழுதினாள்: முழங்காலளவு என்றால் ஒருவர் போதும். இடுப்பளவு என்றால் நான்கு பேர்.

பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது.

பிறகு அணைந்தது.

மறுவாரம் விசாரணைக் குழு அவளை அழைத்தது. பகல் பதினொரு மணி. எதிரே மூன்று பேராசிரியர்கள். சுவர்த் திரையில் அந்தக் குழுமப் பக்கம்.

“நீயே கேட்டு நீயே பதில் எழுதியிருக்கே. ஒத்துக்கோம்மா, தண்டனையாவது குறையும்” என்றார் துறைத் தலைவர்.

“சத்தியமா இல்லை மேடம். அவரையே கூப்பிட்டுக் கேளுங்க.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்த பேராசிரியர் குனிந்துகொண்டார்.

“அவனைக் கூப்பிட முடியாதும்மா” என்றார் மெதுவாக.

“கையை மேசை மேல வை” என்றார் துறைத் தலைவர். “இப்பக் கேக்கச் சொல்லு பாப்போம்.”

இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். எதையும் தட்டவில்லை. வாய்விட்டுத்தான் சொன்னாள்.

“இருக்கீங்களா... எனக்கு வேற யாருமே இல்லை.”

டக்.

பச்சைப் புள்ளி.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

“மற்ற மூவரும்...”

டக். டக்.

“...வரவில்லை.”

மூத்த பேராசிரியர் எழுந்தோடி மின்கம்பியைப் பிடுங்கினார்.

திரை இருண்டது.

புள்ளி மட்டும் எரிந்தது.

மூன்று நாள் கழித்து முடிவு தயாராயிற்று. நல்ல வெயில். அலுவலக எழுத்தர் பூட்டிய அலமாரியைத் திறந்து உறையைத் தேடிக்கொண்டே சொன்னார்.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே மழைக் காலம்மா. குழு வேலைக்கு மத்த மூணு பேரும் வந்துடுவாங்கன்னு கீழ்த்தள ஆய்வகத்துல அந்தப் பையன் தனியா காத்திருந்தான். வெள்ளம் புகுந்துடுச்சு. கதவைத் தள்ள முடியலை. அவன் பெயரைக் குழுமத்திலிருந்து நீக்க எல்லாரும் மறந்துட்டோம்.”

உறையை எடுத்தவர் கையை உதறிக்கொண்டார். அது நனைந்திருந்தது. அலமாரிக்குள் மற்றவையெல்லாம் உலர்ந்திருந்தன.

அவள் பிரித்துப் படித்தாள். பணி ஏற்கப்பட்டது. மாணவி படிப்பைத் தொடரலாம்.

கீழே விசாரணைக் குழுவின் கையொப்பங்கள். எண்ணினாள்.

ஒன்று... இரண்டு... மூன்று...

எழுத்தரும் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. தாளை அவசரமாக மடித்து அவள் கையில் திணித்தார்.

“எண்ணாதீங்கம்மா. வாங்கிட்டுப் போங்க.”

நான்காவதில் மை இன்னும் காயவில்லை.